டிரில் மாஸ்டர் வந்த வழி

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவர்கள் சில்வர் பீச்சில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே ஒரு காலத்தில் நின்ற புனித டேவிட் கோட்டையை நினைப்பவர்கள் குறைவு. நம் தாத்தாக்கள் ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைத்த பள்ளிக்கூடத்து மனிதரின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது.

1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பேரத்தில் ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது: கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டதும் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது.

1748 ஜனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற படைத்தலைவர் இங்கே வந்து இறங்கினார். கம்பெனிக்குக் காவல் இருந்த உள்ளூர் ஆட்களுக்கு ஆயுதம் பிடிக்கத் தெரியும். அணிவகுத்து நிற்கப் பழக்கமில்லை. துப்பாக்கியில் மருந்து போடுவது, குண்டை இடிப்பது, குறிபார்ப்பது, சுடுவது என்று ஒவ்வொன்றையும் ஒரே குரலுக்கு ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். அதுதான் லாரன்ஸ் கற்பித்த டிரில். அதே ஆண்டு ஜூனில் பிரெஞ்சுப் படை கடலூரைத் தாக்க வந்தது. லாரன்ஸ் பகல் வெளிச்சத்தில், எதிரி பார்க்கும்படி, பீரங்கிகளையும் ஆட்களையும் ஊரைவிட்டுக் கோட்டைக்குக் கொண்டுபோனார். இருட்டியதும் சத்தமில்லாமல் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்தார். காலியான ஊர் என்று நம்பி நள்ளிரவில் ஏணியோடு வந்தவர்கள், மதிலிலிருந்து பாய்ந்த குண்டுகளைக் கண்டு சிதறி ஓடினார்கள். இருட்டில் ஒரு படையைச் சலசலப்பில்லாமல் நடத்த முடிந்ததற்கு வீரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பழக்கப்பட்ட ஒழுங்கும் வேண்டும்.

1758-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. ஆனால் அந்த ஒழுங்கு பிழைத்துக்கொண்டது. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை அந்த 1758-ஆம் ஆண்டோடுதான் சேர்த்துச் சொல்கிறது.

பட்டாளத்து ஒழுங்கு பள்ளிக்கூடத்துக்குள் வந்தது பிற்பாடு. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு, உள்நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், டிரில் ஆகியவற்றைப் பள்ளிகளில் ஊக்குவிக்கச் சொன்னது. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஹவில்தார்களும் நாயக்குகளும் கிடைத்தார்கள். தமக்குத் தெரிந்ததை அவர்கள் கற்பித்தார்கள்: ‘அட்டென்ஷன்’, ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’, ‘லெஃப்ட் ரைட்’. பிள்ளைக்கும் சிப்பாய்க்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்காக அவர்களைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. புத்தகமே கல்வி என்றிருந்த பள்ளியில் உடம்புக்கும் ஒரு மணி நேரம் உண்டு என்பதை முதலில் நிலைநாட்டியவர்கள் அவர்கள்தாம்.

இந்தப் பட்டாளத்துப் பாணியை மாற்றியவர் ஓர் அமெரிக்கர். ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற விளையாட்டுக்காரரான ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் ஐந்தே பேர். கட்டளைக்குக் கீழ்ப்படிவதைவிட ஆடுவதில்தான் பிள்ளை வளர்கிறது என்பது பக்கின் நம்பிக்கை. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு அவரே மேலாளர். 1943-இல் அவர் இறந்தபோது, பட்டாளத்து ஆள் நின்ற இடத்தில் விளையாட்டு விதிகள் படித்த ஆசிரியர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பழைய குரலும் விசிலும் மட்டும் அவர்களோடு தங்கிவிட்டன.

சிதம்பரத்துக்குப் பட்டாளம் வேறு வாசல் வழியாக வந்தது. 1929-இல் அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. 1948-இல் தேசிய மாணவர் படை (என்.சி.சி.) பிறந்தது. என்.சி.சி.யில் ஒரு சிறப்பு: வகுப்பில் பாடம் நடத்தும் விரிவுரையாளரே மைதானத்தில் லெப்டினன்ட் ஆகவோ கேப்டன் ஆகவோ நிற்பார். ஆசிரியரும் படைவீரரும் ஒரே உடம்பில். சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாயிற்று.

அந்தக் கட்டாயக் காலத்தில்தான், 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திரண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். சீருடை போட்டு வரிசையில் நிற்கப் பழக்கப்பட்ட ஒரு தலைமுறை, வரிசையாகத் தெருவுக்கு வந்தபோது நடந்தது இது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1968 ஜனவரியில், அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த இருமொழித் தீர்மானத்தில் என்.சி.சி.க்கும் இடம் இருந்தது. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ போன்ற இந்திக் கட்டளைகளைக் கைவிட வேண்டும் என்று அது கேட்டது. மைதானத்தில் எந்த மொழியில் ‘நில்’ என்று சொல்வது என்ற கேள்வி ஒரு சட்டமன்றத்தையே பேச வைத்தது. தமிழ்நாட்டு உடற்பயிற்சி வரலாற்றில் இவ்வளவு கனமான வேறொரு நாளை நான் அறியேன்.

இதற்குச் சற்று முன்பே வேறொரு பட்டாளமும் பள்ளிக்கு வந்திருந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) நேதாஜியோடு பணியாற்றிய ஜெனரல் ஜே.கே. போன்ஸ்லே, 1954-இல் டெல்லியில் அகதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தேசிய ஒழுங்குத் திட்டம் (என்.டி.எஸ்.) அது. நாடெங்கும் பரவிய அதன் பயிற்சியாளர்களில் ஐ.என்.ஏ. வீரர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் ‘என்.டி.எஸ். மாஸ்டர்’. கூட்டு உடற்பயிற்சியும் தேசபக்திப் பாட்டுமாகப் பள்ளி விழாக்களை நிறைத்த அவர்கள், பின்னாளில் திட்டம் கலைந்தபோது மாநிலப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களோடு கலந்துவிட்டார்கள்.

இப்போது கடலூரில் பாதை எதிர்த்திசையில் போகிறது. அன்று பட்டாளத்தான் சீருடையைக் கழற்றிவிட்டு விளையாட்டு சொல்லிக்கொடுக்க வந்தான். இன்று விளையாட்டே சீருடையைப் பெற்றுத்தருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அரசு இல்லங்களில் வளர்ந்த பெண் பிள்ளைகளும் இங்கே கால்பந்துக்கு வந்தார்கள். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணி இந்திய மகளிர் லீக்வரை போய் ஆடியது. பண்ருட்டியைச் சேர்ந்த சந்தியா ரங்கநாதன் இந்திய அணியின் முன்களத்தில் ஆடினார். நடுக்களத்தில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார்.