கடற்பூதமும் கரையோரக் கிராமமும்

நெடுங்கேணியில் நின்றால் கடல் தெரியாது. காடும் குளமும் வயலுமே தெரியும். ஒட்டுசுட்டானையும் முள்ளியவளையையும் கடந்து சென்றாற்றான் முல்லைத்தீவுக் கடற்கரை. உள்நாட்டு வேளாண்மைக் கிராமத்தவனுக்குக் கடல் சற்று அயலானது. கடலோடு வாழும் மனிதரும் அவ்வாறே. இந்த அயன்மை உணர்விலிருந்தே ஒரு வகைத் திகிற்கதை பிறந்தது என்பதை, 'டாகன்' என்ற ஆங்கிலப் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது எண்ண நேர்ந்தது.

ஸ்பெயினில் எடுக்கப்பட்டு 2001இல் வெளியான படம் அது. இயக்கியவர் ஸ்டுவர்ட் கோர்டன். புயலிற் சிக்கிய படகிலிருந்து ஓர் இளைஞனும் அவன் காதலியும் இம்போக்கா என்ற மீன்பிடிக் கிராமத்திற் கரையேறுகிறார்கள். ஓயாத மழை. ஆளரவமற்ற தெருக்கள். இமைக்காத கண்களோடு தள்ளாடி நடக்கும் ஊரவர்கள். முன்னொரு காலத்தில் மீன்வளம் குன்றி ஊர் பட்டினி கிடந்தபோது, கப்பற் தலைவன் ஒருவன் டாகன் என்னும் கடற்தெய்வத்தின் வழிபாட்டைக் கொண்டுவந்தான்; மீனும் பொன்னும் குவிந்தன; விலையாக மனிதப் பலி கேட்கப்பட்டது. ஊரவர்கள் மெல்ல மெல்லக் கடற்பிராணிகளாக மாறி வருகிறார்கள். இந்த வரலாற்றைச் சொல்லும் கிழவனாக நடித்தவர் ஸ்பெயினின் புகழ்பெற்ற நடிகர் பிரான்சிஸ்கோ ரபால். படம் வெளியான அதே ஆண்டில் அவர் காலமானார்.

கதையின் மூலம் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்ட் 1931இல் எழுதி, 1936இல் சிறு நூலாக வெளிவந்த 'இன்ஸ்மவுத்தின் நிழல்'. மசாசுசெட்ஸ் மாநிலத்தின் நலிந்துபோன பழைய துறைமுகமொன்றை மனதிற்கொண்டு அவர் அக்கற்பனை ஊரைப் படைத்தார். வேற்றினத்தவர் மீதும் இனக்கலப்பின் மீதும் லவ்கிராப்ட் கொண்டிருந்த வெறுப்பு அவருடைய கடிதங்களில் ஒளிவின்றிப் பதிவாகியிருக்கிறது. தென்கடல் தீவுகளிலிருந்து வந்த வழிபாடு, அதனால் 'கெட்டுப்போன' இரத்தம் என்று அவர் கதை பின்னியதற்கு அதுவே அடிப்படை. பூதம் கடலில் இருந்தது என்பதைவிட, எழுதியவரின் அச்சத்தில் இருந்தது என்பதே பொருந்தும். டாகனின் கதையும் விந்தையானது. தமிழ் விவிலியத்தில் 'தாகோன்' என வரும் பெலிஸ்தியரின் தெய்வம் அது. மீனுருவத் தெய்வமென்று பிற்காலத்தவர் விளக்கம் சொன்னார்கள். தானியத்தோடு தொடர்புடைய தெய்வமென்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. விளைச்சலின் தெய்வத்தையே உலகம் கடற்பூதமாக்கிவிட்டது!

இதே பொருளைத் தமிழ் மரபு எவ்வாறு கையாண்டது? பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் உறைவதாக வழிபட்டதைக் கூறுகிறது. லவ்கிராப்ட் கண்டிருந்தால் அலறியிருப்பார். சங்கப் புலவருக்கோ அது ஓய்வுநாளில் பரதவர் கொண்டாடும் மகிழ்ச்சியின் ஒரு பகுதி.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் 'வலை வீசின படலம்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கும் மீனவர் ஊர் உண்டு. கடலைக் கலக்கும் பெருஞ்சுறாவும் உண்டு. ஆனால் அந்தச் சுறா சாபம்பெற்ற நந்தி. ஊர்த் தலைவன் வளர்க்கும் பெண்ணோ உமாதேவி. சுறாவை அடக்க வலையோடு வரும் இளைஞன் சிவபெருமான். 1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த மீனவப் பகுதியை நினைவுகொள்ளாத தமிழர் குறைவு. மேற்கின் கதையில் கடற்கரைக் கிராமத்துக்குச் சென்றவன் மனிதத்தன்மையை இழக்கிறான். நம் கதையில் கடவுளே அங்கு மனிதனாகிறார், மாப்பிள்ளையாகிறார்.

கமல் பிரகாஷ் இயக்கத்தில் ஜி. வி. பிரகாஷ்குமார் நடித்து 2025 மார்ச்சில் வெளியான 'கிங்ஸ்டன்' நம்மிடமும் கடற்திகில் படம் வந்துவிட்டதைக் காட்டியது. தூத்துக்குடிக் கரையோரம், சபிக்கப்பட்ட கடல், கடலுக்குச் சென்றால் மரணம். ஆயினும் நாயகன் வெளியிலிருந்து வந்து மிரள்பவன் அல்லன். அந்த ஊரின் பிள்ளை, தன் கடலை மீட்கப் புறப்படுபவன். இந்த வேறுபாடு சிறியதன்று.

வன்னியில் உள்நாட்டையும் கடலையும் இணைப்பது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாடு. வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்தக் கடல்நீரில் விளக்கேற்றுவார்கள். பின்னர் அது வற்றாப்பளைக்குக் கொண்டுசெல்லப்படும். கடல்நீரில் எரியும் அந்தச் சுடரைக் காண வயற்புறத்து மக்களும் திரள்வார்கள். கடலை அவர்கள் பூதமாகக் கண்டதில்லை.

ஆனால் அக்கரையோரம் உண்மைத் திகிலை அறியாததன்று. 1984 நவம்பர் 30 அன்று நெடுங்கேணிப் பகுதியின் கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேற்றப்பட்டிருந்த சிங்கள மக்களையும், மறுநாள் கொக்கிளாய், நாயாறு கரைகளில் சிங்கள மீனவரையும் விடுதலைப் புலிகள் கொன்றனர். அதே நாட்களில் நெடுங்கேணிக்கு அண்மித்த ஒதியமலையில் தமிழ் ஆண்களை இராணுவத்தினர் சுட்டுக்கொன்றனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் தம் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர். இருபது ஆண்டுகளின் பின், 2004 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையே அள்ளிச் சென்றது. அன்று மட்டுமே கடல் கொன்றது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில் மக்கள் மாண்டபோது, கடல் வெறும் சாட்சி.

2023 யூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டினார்கள். மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 யூலையில் அகழ்வு நிறைவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டிருந்தன. இறந்தவர்கள் யார், எவ்வாறு இறந்தார்கள் என்ற கேள்விகளோடு அவர்களின் உறவினர்கள் காத்திருக்கிறார்கள்.

திகிற்படங்களில் பூதம் கடலிலிருந்து எழுந்து கரைக்கு வருகிறது. எங்கள் கரையோரத்தில் அது பெரும்பாலும் நிலத்தின் வழியே வந்தது. சீருடை அணிந்தும் துப்பாக்கி ஏந்தியும் வந்தது. அதைப் படமாக்குவதற்குக் கற்பனை தேவையில்லை.