அடுக்களையில் இருந்து பார்த்த போர்

போன மாதம் ஆபீஸ் வேலையாக மும்பை போனபோது, ஃபோர்ட் நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. 'நெல்லா லாஸ்ட்'ஸ் வார்'. புனே திரும்பும் ரயிலில் பிரித்தவன், லோனாவ்லா தாண்டியதைக்கூட கவனிக்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் என்றால் நமக்கு ஹிட்லரும் சர்ச்சிலும்தான் ஞாபகம் வருவார்கள். ஆறு வருஷம் நடந்த அந்தப் போரில், தினமும் காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவர்கள் மனதை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

குண்டு விழுந்தால் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் பிரிட்டனில் நிபுணர்கள் பயந்தார்கள். உடல் காயத்தைவிட மனக்காயத்தோடு வருபவர்கள் 3 மடங்கு இருப்பார்கள் என்று 1938-ல் லண்டன் மனநல மருத்துவர்கள் சிலர் அரசாங்கத்தையே எச்சரித்தார்கள். 1940 செப்டம்பர் 7-ல் லண்டன் மீது தொடர்ந்து குண்டுவீச்சு ஆரம்பமானது. எதிர்பார்த்த கூட்டம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

அதற்காக எல்லோரும் தைரியமாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1937-ல் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற அமைப்பு, சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்துவந்தது. போர் தொடங்கும் சமயத்தில் அது தன் தொண்டர்களிடம் தினமும் நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னது. சுமார் 480 பேர் எழுதினார்கள். அந்தக் குறிப்புகளில் தூக்கமில்லாத ராத்திரிகள், அழுகை, எரிச்சல், பயம் எல்லாமே இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர்தான் நெல்லா லாஸ்ட். கப்பல் கட்டும் ஊரான பாரோ-இன்-ஃபர்னஸில் ஒரு தச்சரின் மனைவி. போர் தொடங்கும்போது வயது 49. இரண்டு மகன்கள். இளையவன் கிளிஃப் ராணுவத்துக்குப் போய்விட்டான். போருக்கு முன்பே ஒருமுறை மனம் உடைந்து படுத்தவர் நெல்லா. கணவர் அதிகம் பேசாதவர், மனைவி வீட்டிலேயே இருந்தால் போதும் என்பவர். மருத்துவர்கள் கணக்குப்படி முதலில் நொறுங்க வேண்டியது இவர்தான் இல்லையா?

நடந்தது வேறு. பெண்கள் தன்னார்வத் தொண்டு அமைப்பில் சேர்ந்தார். வாரத்தில் சில நாள் மற்ற பெண்களோடு உட்கார்ந்து தைத்தார். ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குத் துணி பொம்மை செய்தார். வீட்டுப் புல்தரையைக் கொத்தி, காய்கறி போட்டு, கோழி வளர்த்தார். 1940 ஜூலையிலிருந்து ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் தேயிலைதான் ரேஷன், அதாவது சுமார் 57 கிராம். நம் வீடுகளில் எத்தனை நாள் தாங்கும்? இருப்பதை வைத்து ருசியாகச் சமைப்பதை நெல்லா ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

1941 ஏப்ரல், மே மாதங்களில் பாரோவில் குண்டு விழுந்தது. 10,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. நெல்லாவின் வீட்டிலும் ஜன்னல்கள் சிதறி, உட்கூரை பெயர்ந்து விழுந்தது. பயந்தார், அழுதார், மறுபடி தொண்டுக்குக் கிளம்பினார். உதட்டுச் சாயம் பூசாமல் மட்டும் வெளியே போகமாட்டார்! ராத்திரி உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை எழுதினார். கணவரிடம் சொல்ல முடியாததெல்லாம் காகிதத்தில் இறங்கியது.

என்னை யோசிக்க வைத்தது போரின் கடைசிப் பகுதிதான். 1945-ல் சமாதானம் வருகிறது. காயம்பட்ட கிளிஃப் பிழைத்துவிட்டான். நெல்லா சந்தோஷப்படுகிறார், ஆனால் கூடவே ஒரு கலக்கம். தொண்டு மையத்தை மூடிவிட்டால் நாளைக் காலையில் எங்கே போவது? யாருக்கு நான் தேவை? போரை அவர் ஒருநாளும் விரும்பவில்லை. ஆனால் ஏறக்குறைய முப்பது வருஷ இல்லறத்தில் கிடைக்காத ஓர் இடம் அந்த ஆறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்திருந்தது. நாட்குறிப்பை மட்டும் விடவில்லை, 1966 வரை எழுதினார். 1968-ல் காலமானார்.

இதைப் படிக்கும்போது எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அப்பா போன பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை இங்கே கூட்டி வந்தோம். "இத்தனை நாள் உழைச்சது போதும்மா, உக்காரு" என்று கரண்டியை வாங்கி வைத்துவிட்டோம். பாசத்தில்தான் செய்தோம். மொழி புரியாத ஊரில், நாலாவது மாடியில், அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேச்சே குறைந்துபோனாள். வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குண்டு விழும் ஊரையும் எங்கள் ஃப்ளாட்டையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் 'நான் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது' என்ற நினைப்பு ஒரு மனுஷியை எவ்வளவு தாங்கும் என்பதை நெல்லாவிடம்தான் கற்றுக்கொண்டேன். போன ஞாயிறு, "அம்மா, இட்லி மாவு இனிமே உன் பொறுப்பு. எங்களுக்குப் பதமே வரமாட்டேங்குது" என்றேன்.

"உளுந்து எங்கடா வாங்கினே? பழசா இருக்கே" என்று திட்டுதான் முதலில் வந்தது. ரொம்ப நாள் கழித்து வாங்கின திட்டு.

உங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் பெரியவர்களுக்கு என்ன பொறுப்பு கொடுத்திருக்கிறீர்கள்? சொல்லுங்களேன்.