மழலையர் ஆசிரியரின் பாடநூல்

சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கப் புகும் ஆசிரியர் எந்நூலைக் கற்றுத் தேர்ந்து அத்தொழிலுக்கு வருதல் வேண்டும்? உயர்வகுப்பு ஆசிரியர்க்கு இவ்வினா பெரிதன்று. வரலாறு கற்பிப்பவர் வரலாற்று நூலையும், கணக்குக் கற்பிப்பவர் கணக்கு நூலையும் பயின்றால் பாதி வேலை முடிந்துவிடும். மூன்று வயதுக் குழந்தையின் முன் நிற்பவர்க்கோ பாடப்பொருள் என ஒன்று தனியே இல்லை, குழந்தையே பாடப்பொருள். ஆகவே, அவரைப் பயிற்றும் கருவிகள் எவை என்னும் ஆராய்ச்சி மேனாட்டில் நெடுங்காலம் நடந்தது. அவ்வரலாற்றில் சென்னைக்கும் கோடைக்கானலுக்கும் சிறப்பிடம் உண்டு.

மணலெழுத்து

1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார் ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் மணலைப் பரப்பி, அதன்மேல் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளி ஆசிரியர்கள் அம்முறையை ஏற்கத் தயங்கவே, மாணவன் ஒருவனைக் கொண்டே இளையோர்க்கு மணலெழுத்தைக் கற்பித்தார். 1797 இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று அது பெயர் பெற்றது. ஆயினும் மேனாட்டார் அதிலிருந்து பெரிதும் எடுத்துக்கொண்டது, ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்க உதவும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையே. குழந்தையின் விரல் எழுத்தை எவ்வாறு கற்கிறது என்னும் நுட்பம் பின்னுக்குப் போயிற்று.

கையால் எழுதிய நூல்

செருமனியில் பிரடெரிக்கு புரோபெல் 1837 இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் மழலையர்க்கான பள்ளியைத் தொடங்கினார். 1840 இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் ‘கிண்டர்கார்டன்’ என்னும் பெயரைச் சூட்டினார். பந்து, கனசதுரம், உருளை முதலியவற்றை வரிசைப்படுத்தி ஆசிரியர் கையில் தந்தார். 1851 இல் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளைத் தடைசெய்தது. 1860 வரை அத்தடை நீங்கவில்லை. எனினும் அவரிடம் பயின்ற பெண்கள் அம்முறையைப் பிறநாடுகளுக்குக் கொண்டு சென்றனர். பள்ளியின் கதவை மூடலாம். ஆசிரியர் கற்ற கல்வியை மூட இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

அவர்க்குப் பின் வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1870 இல் இத்தாலியில் பிறந்தவர், மருத்துவம் கற்றவர். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பணிபுரிந்தபோது, இட்டார்டு, செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை அவர் நாடினார். அவற்றைப் படித்த அளவில் அவர் அமையவில்லை. அந்நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கையாலேயே முற்றும் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கருத்து. ஏட்டைப் படியெடுத்துக் கற்ற நம் முன்னோரின் முறையும் இதுவேயன்றோ!

1907 இல் உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ தோன்றியது. 1909 இல் முதல் ஆசிரியப் பயிற்சி வகுப்பும் அவருடைய முதற் பெருநூலும் வந்தன. அவர் அமைத்த கருவிகள் பிழையைத் தாமே காட்டுவன. ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். ‘தவறு’ என ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை. சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவி அறியும். திண்ணைப் பள்ளியின் மணல் அறிந்த உண்மையை, உரோமாபுரியின் தாளும் அறிந்தது.

அவருடைய பயிற்சி முறையில் மாணவ ஆசிரியர்க்கு ஆயத்தமான கையேடு தரப்படுவதில்லை. ஒவ்வொரு கருவியையும் எவ்வாறு எடுப்பது, எவ்வாறு வைப்பது, எப்போது விலகி நிற்பது என்பவற்றைக் கேட்டும் கண்டும் தாமே படத்துடன் எழுதி ஏடாகத் தொகுத்தல் வேண்டும். குழந்தைகளிடையே வாளா அமர்ந்து நோக்கியதையும் குறித்தல் வேண்டும். தாம் எழுதிய ஏடே அவர்க்குப் பாடநூல்.

அடையாற்றில்

1939 இல் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, தம் 69 ஆம் வயதில் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பனையோலைக் கூரையின் கீழ் ஏறத்தாழ 300 ஆசிரியர் பயின்றனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதும், மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அம்மையார்க்கும் கட்டுப்பாடு விதித்தது. அவருடைய 70 ஆம் பிறந்த நாளில் மகனை விடுவித்தது. பின்னர்க் கோடைக்கானலில் தங்கிய ஆண்டுகளில், செடி, கொடி, உயிரினம் ஆகியவற்றைப் பற்றிய பாடங்களைக் குழந்தைகளுடன் இருந்தே வளர்த்தார். சில மாதங்களுக்கென வந்தவர், இடையே ஐரோப்பா சென்றுவந்த காலம் நீங்கலாக, 1949 வரை இந்தியாவில் பணியாற்றினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் அவரிடம் பயின்றனர். 1949 இல் அடையாற்றில் அச்சேறிய அவருடைய பெருநூலொன்று, ஆமதாபாத்து நகரில் ஆசிரியர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளின் தொகுப்பேயாகும்.

ஏழைக்கு எட்டுமா?

இத்துணைச் சிறந்த முறைக்கு ஒரு குறை நேர்ந்தது. நுண்ணிய அளவில் கடைந்தெடுத்த மரக்கருவிகள் விலை மிக்கவை. ஏழைத் தொழிலாளர் குழந்தைகளிடையே பிறந்த கல்வி, நாளடைவில் பல இடங்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வியாயிற்று.

இதனை மாற்ற முயன்றவர் குசராத்தின் கிஜுபாய் பதேக்கா. வழக்கறிஞராய் இருந்த அவர் 1920 இல் பவநகரில் குழந்தைப் பள்ளி நிறுவினார், ஆசிரியர்க்கும் பயிற்சியளித்தார். ‘பகற்கனவு’ எனப் பொருள்படும் ‘திவாஸ்வப்னா’ என்னும் அவர் நூல், கற்பனை ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் செய்யும் சோதனைகளைக் கதையாகக் கூறுவது. அம்மையார் இந்தியா வந்த அதே 1939 இல், அவர் வருகைக்குச் சில மாதம் முன்னரே கிஜுபாய் மறைந்தார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக்கு, 1945 இல் மராட்டியப் பகுதியின் போர்டி என்னும் சிற்றூரில் ஏழைக் குழந்தைகளிடம் சென்றார். குழந்தை பள்ளிக்கு வாராவிடின் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குச் செல்லட்டும் என்றார். கூழாங்கல், இலை, விதை, குச்சி ஆகியவை கருவிகளாயின. முற்றத்தைக் குறிக்கும் ‘அங்கண்’ என்னும் சொல்லினின்று எழுந்த ‘அங்கன்வாடி’ என்னும் பெயரை, இந்திய அரசு 1975 இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நிலையங்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இவ்வரலாறு தமிழாசிரியர்க்கு உணர்த்துவது யாது? உருளையை விலைக்கு வாங்கலாம்; தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளை இத்தாலியிலிருந்து வாங்க இயலாது. அவற்றைத் தாளில் வெட்டுவதும், எவ்வெழுத்தை முன்வைப்பது எனத் தேர்வதும், எந்தச் சுழிப்பில் குழந்தையின் விரல் தயங்குகிறது என நோக்குவதும் தமிழ் அறிந்த ஆசிரியரின் கடமை. மழலையர் ஆசிரியராக விரும்புவோர் நல்ல நூல்களைத் தேடிக் கற்கட்டும். அத்துடன் வெற்றேடு ஒன்றும் கையில் கொள்ளட்டும். அவர் நோக்கி எழுதும் பக்கங்களே பிறர் எழுதிய நூல்களுக்குப் பொருள் விளக்கும் உரையாகும்.