கயிற்றைப் பிடித்த கை

புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது திருவாண்டார்கோயில். தேவாரம் வழங்கும் பழம்பெயர் வடுகூர். முண்டாசுரனைக் கொன்ற பழி தீர வடுக பைரவர் வந்து வழிபட்ட ஊர் என்று தலபுராணம் கதை சொல்கிறது. பைரவரின் ஊர்தி எது? நாய்! கல்லில் வடிக்கப்பட்டால் நாய்க்கும் கோயிலுக்குள் இடம் உண்டு. உயிருள்ள நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு புதரும் கழனியும் அலைந்த மனிதனுக்கோ, இந்நாட்டுக் கோயில்களின் வாயில் நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. அந்த மனிதனின் வரலாற்றைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

வேட்டைநாய் தமிழர்க்குப் புதிதன்று. நாயோடு காட்டுக்குச் சென்று, வலை வளைத்து முயல் பிடித்த எயினரைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என நாம் பெருமையோடு பெயர் சொல்லும் நாய்கள் எல்லாம் கண்ணால் கண்டு, காலால் துரத்தி, வாயால் பிடிப்பவை. பறவை வேட்டைக்கென ஐரோப்பியர் பழக்கிய நாயின் வழி வேறு. அது மூக்கால் அறியும், அறிந்ததும் பாயாது. ஒரு கால் தூக்கி, வால் நீட்டி, சிலைபோல் நின்று, "கவுதாரி இங்கே" என்று உடலாலேயே சுட்டும். பாயிண்டர் என்ற பெயருக்கே சுட்டிக் காட்டுவது என்றுதான் பொருள். செட்டர் என்பது பதுங்கிப் படுத்துக் காட்டும்.

இந்த நாயின் வரலாறு வலையில் தொடங்குகிறது. பிரஞ்சு நாட்டுப் பிரபு காஸ்தோன் பெபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலிலேயே, படுக்கப் பழகிய நாயைக் கொண்டு கவுதாரியையும் காடையையும் வலையில் பிடிப்பது பேசப்படுகிறது. துப்பாக்கி வந்தபின் வலை போயிற்று; நின்று காட்டும் நாய்க்கு மதிப்பு ஏறிற்று.

மதிப்பு ஏறியதும் சட்டம் வந்தது! இங்கிலாந்தில் 1671இல் இயற்றிய வேட்டைச் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் உள்ளவன் வேட்டையாடலாம். மற்றவன் வீட்டில் துப்பாக்கியோ, வேட்டைநாயோ, பறவை காட்டும் நாயோ இருந்தால் பறித்துக்கொள்ளலாம். அந்நாளில் மாவட்டத் தேர்தலில் வாக்களிக்க 2 பவுன் வருவாய் போதும். ஒரு கவுதாரியைச் சுட 50 மடங்கு வேண்டும்! உழவன் விதைத்த தானியத்தைக் கவுதாரி தின்னலாம். அந்தக் கவுதாரியை உழவன் தொடலாகாது. 1831இல்தான் இந்தச் சொத்துத் தகுதி ஒழிந்தது. பிரான்சிலோ, 1789 ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு பிரபுத்துவ உரிமைகளை ஒழிக்கத் துணிந்தபோது, பிரபுக்களுக்கு மட்டுமே இருந்த வேட்டை உரிமையும் வீழ்ந்தது. புரட்சி என்றால் அரசன் தலை மட்டும் நம் நினைவுக்கு வருகிறது. பசித்த குடியானவனுக்கு அது தன் வயலில் மேயும் பறவையைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது.

அதே பிரான்சின் கொடி 1954 நவம்பர் 1 வரை புதுவையில் பறந்தது. சுற்றியிருந்த சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் கொடி. நாய்கள் கப்பலேறி வந்தன. பல வெயிலுக்கும் நோய்க்கும் இரையாயின. அவற்றைக் குளிப்பாட்டி, உண்ணி எடுத்து, சோறூட்டி, வேட்டைக்கு நடத்திச் சென்றவன் இந்நாட்டு மனிதன். அவனுக்கு வெள்ளைத் துரைமார் இட்ட பெயர் என்ன தெரியுமா? "நாய்ப் பையன்"! தலை நரைத்தாலும் பையன்தான். 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அவனுக்கு "டோரியா" என்ற பெயரும் உண்டு. கயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கயிறு நாயின் கழுத்தில்; பெயர் மனிதன் மேல்!

குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான் குருவியைச் சுட, நீர் நின்ற நெற்கழனிகளுக்குத் துரைமார் வருவர். அங்கே நாயின் வேலையைப் பல நேரம் மனிதரே செய்தனர். வரிசையாக நின்று சேற்றை மிதித்துப் பறவையை எழுப்ப வேண்டும். விழுந்ததைத் தேடி எடுத்துவர வேண்டும். சுட்டவர் பெயர் நூலில் ஏறியது. சேற்றில் நடந்தவர் பெயர் எங்கே?

நாயைப் பழக்குவது எளிதன்று என்பதையும் அறியவேண்டும். முதலில் சொன்ன சொல்லுக்கு நிற்கக் கற்பிப்பர். பிறகு நீண்ட கயிற்றில் விட்டு, காற்றை எதிர்த்து வயலை இடமும் வலமும் அளக்கப் பழக்குவர். பறவை எழுந்தாலும், வெடி வெடித்தாலும் அசையாதிருக்க வேண்டும். வேறொரு நாய் சுட்டி நின்றால் இதுவும் நின்று அதனை மதிக்க வேண்டும். நாயோடு பழக்குபவனும் பழகவேண்டும். காற்றின் திசை அறிந்து, வாய் அடக்கி, பொறுமை காத்து, நாயின் காதசைவையும் படிக்கக் கற்கவேண்டும். பறவையருகே நாயை அடித்தால் என்ன ஆகும்? அடுத்த முறை பறவையின் மணம் அறிந்தும் அறியாததுபோல் விலகிப் போகும். அச்சம் அறிவை வளர்ப்பதில்லை. மறைக்கக் கற்றுத் தருகிறது. பள்ளியில் பிரம்பெடுப்போரும், குலத்தொழில் மீறினால் மிரட்டுவோரும் எண்ணிப் பார்க்கட்டும்!

குலத்தொழில் என்றதும் ஒரு கூட்டம் முன்வந்து வாதாடும்: "நாய்க்குச் சுட்டும் குணம் பிறப்பில் வருகிறதே, அதுபோல மனிதனுக்குத் தொழில் பிறப்பில் வரும்" என்று. பாயிண்டர் குட்டி முதல் நாளே சுட்டி நிற்பதுண்டு என்பது மெய். 1859இல் டார்வினே "உயிரினங்களின் தோற்றம்" என்ற நூலில் இதைச் சொன்னார். ஆனால் அவர் காட்டியது என்ன? அந்தக் குணம் ஆண்டவன் அருளியதன்று. மனிதன் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்து உண்டாக்கியது. அப்படி உண்டாக்கிய நாய்க்கும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டியிருக்கிறது. மனிதனை எவன் அப்படிப் பொறுக்கி வளர்த்தான்? சாதி காத்தது அறிவை அன்று. அறிவு பெறும் வாயில்களைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தது. வேட்டைக்காரன் மகன் தடம் பார்ப்பதில் வல்லவன் என்றால், தந்தையோடு நடந்தான் என்பதே காரணம். பள்ளியோடு நடந்திருந்தால் பாடத்திலும் வல்லவனாயிருப்பான்.

இன்று காலம் மாறிவிட்டது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பறவை வேட்டை குற்றம். ஊசுடு ஏரி 2008இல் பறவைகள் சரணாலயமாயிற்று. இதை வரவேற்கிறோம். பொழுதுபோக்குக்காக உயிர் பறிப்பது பெருமை அன்று. ஆனால் துப்பாக்கிக்காரனுக்குப் போனது பொழுதுபோக்கு. புதர் தேடிப் பிழைத்தவனுக்குப் போனது சோறு. புதுவையில் இருளர்கள் பழங்குடியினராக ஏற்கப்பட்டது 2016 டிசம்பரில்தான். அந்த அரசாணையில் வில்லி, வேட்டைக்காரர் என்ற பெயர்களும் உள்ளன. தொழிலை 1972இல் எடுத்துக்கொண்டோம். உரிமைச் சான்றைக் கொடுக்க 44 ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம்!

வழி இல்லாமலில்லை. பாம்புத்தோல் வாணிகம் தடைபட்டபின், செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள் 1978இல் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, நச்சுமுறி மருந்துக்கு அளிக்கின்றனர். பழைய அறிவு, புதிய பயன், முதலாளி அவர்களே! இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்த அறிவுக்காகவே. ஊசுடுவிலும் பாகூர் ஏரியிலும் பறவைகளை எண்ணவும் காக்கவும் ஆள் தேவையில்லையா? தடம் அறிந்தவன் பிள்ளைக்கு அந்த வேலையைக் கல்வியோடும் ஊதியத்தோடும் மதிப்போடும் தரக்கூடாதா? அவன் விரும்பினால் மருத்துவனாகவோ பொறியாளனாகவோ ஆகும் பாதையும் திறந்திருக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரின் ஓரத்தில் சான்றிதழ் கேட்டு அலையும் ஒரு குடும்பம் இருக்கும். அவர்களோடு அலுவலகம் வரை நடந்து செல்லுங்கள். நாயின் பரம்பரையை ஏடு போட்டுக் காத்த உலகம் இது. நாயைப் பிடித்த மனிதனின் பெயரையும் இனியேனும் ஏட்டில் எழுதட்டும்.