ஈப்போ மாநாடும் தோட்டத்து மாரியம்மனும்



பேராக் தமிழர் வரலாறு என்றவுடன் நாம் ஈயத்தையும் இரப்பரையும் பேசுகிறோம். கங்காணியையும் கள்ளுக்கடையையும் பேசுகிறோம். கடவுள் உண்டா, இல்லையா என்னும் வழக்கும் இம்மண்ணில் நடந்ததை ஏனோ பலரும் மறந்துவிட்டனர்.

1929 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஈ.வெ.இராமசாமி, துணைவியார் நாகம்மையாருடனும் இயக்கத் தோழர்களுடனும் பினாங்கில் வந்திறங்கினார். ஐம்பதாயிரம் தமிழர் திரண்டு வரவேற்றனர் என்பர். அத்தொகை சற்று மிகையாக இருக்கலாம். கூட்டம் பெரிது என்பதில் ஐயமில்லை. அதே மாதத்தில் ஈப்போவில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் கூட்டிய தமிழர் மாநாட்டை அவர் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் செங்கற்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடி, பெயருக்குப் பின்னுள்ள சாதிப்பட்டத்தை விட்டொழிக்குமாறு தீர்மானித்திருந்தது. செங்கற்பட்டில் பேசியது பத்தே மாதங்களில் கடல் கடந்து கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு வந்துவிட்டது! இணையம் இல்லாத காலம் அது. 1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழும் கப்பற்பயணிகளின் வாயுமே செய்தி சுமந்தன.

இச்செய்தியைக் கேட்ட தோட்டத் தொழிலாளியின் நிலை என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நிரைக்குச் செல்பவன் மாலையில் நலமாகத் திரும்புவானா என்பதே உறுதியில்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட இடங்களில் குளிர்காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. மரத்தை வெட்டியதால் முனி சினந்தது என்று தோட்டத்து முதியோர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். 1901 முதல் கிள்ளானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் மால்கம் வாட்சன் வேறொன்று கண்டார். மலைச்சரிவில் காட்டை அழித்தால் தெளிந்த ஓடை நீரில் வெயில் விழுகிறது. குறிப்பிட்ட ஒருவகைக் கொசு அந்நீரிலேதான் பெருகுகிறது. வியப்பு என்னவெனில், மரத்தை வெட்டியதே கேட்டிற்குக் காரணம் என்பதில் முனியை நம்பியவரும் வாட்சனும் ஒன்றுபடுகின்றனர். எய்தவன் யார் என்பதில்தான் வேறுபாடு. ஆயினும் நிலத்தடியில் குழாய் பதித்து நீரை வடித்ததும் ஓடையில் எண்ணெய் ஊற்றியதுமே காய்ச்சலைக் குறைத்தன. முனிக்குப் படைத்த சேவல் குறைக்கவில்லை. மாணவர்க்கு இதனை மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் அறிவியலால் வடிக்க இயலாத நீரும் இருந்தது. ஈப்போ மாநாடு முடிந்த சில மாதங்களிலேயே இரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. 1930இலிருந்து மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தென்னிந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அடுத்து ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1948 ஜூன் 16இல் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக்கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. பின்னர்த் தோட்டத் துண்டாடல். தன் கையில் எதுவும் இல்லாதவனிடம் போய், 'எல்லாம் உன் கையில்' என்று சொல்வது எளிதன்று. அதைச் சொல்லியும் சுயமரியாதைக்காரர்களுக்குக் கேட்பவர் கிடைத்தனர் என்றால், அவர்கள் கடவுளை மட்டும் பேசவில்லை என்பதே காரணம். சாதி வேண்டாம், கள் வேண்டாம், பெண்ணையும் படிக்க வை என்றனர். போருக்குப் பின் திராவிடர் கழகம் இங்கு வேரூன்றியது. 1954ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மணியம்மையாருடன் பர்மா வழியாக மீண்டும் மலாயா வந்தார்.

மாரியம்மனோ இவற்றுக்கெல்லாம் அசையவில்லை. அம்மை நோய்க்கு உரியவள் என்று அவளை வணங்கினோம். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது. நோய் போயிற்று, தீமிதி போகவில்லை. அச்சம் மட்டுமே பக்தியை வளர்க்கிறது என்போர் இதற்கு விடை கூற வேண்டும்.

என் தாத்தா சுங்கை சிப்புட் அருகே பால்மரம் வெட்டியவர்; திருநீறு பூசாதவர். பாட்டியோ ஆண்டு தவறாமல் பால்குடம் எடுத்தவர். திருவிழா வரியைத் தாத்தா ஒருமுறையும் நிறுத்தியதில்லை. கேட்டால், "நான் சாமிக்குக் கொடுக்கல, லயத்துக்குக் கொடுத்தேன்" என்பார். இத்தகைய குடும்பங்கள் தோட்டங்களில் ஏராளம். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குச் சிதறினர். பல தோட்டங்களில் லயம் இருந்த சுவடே இல்லை, கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. திருவிழாவுக்கென்று ஆண்டிற்கு ஒருமுறை அங்குத் திரும்புவோரில் சாமி கும்பிடாதவரையும் கண்டிருக்கிறேன்.

இவ்வழக்கு நம் வகுப்பறைக்கும் வருகிறது. 1970 ஆகஸ்ட் 31இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு 'இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்'. சபைகூடலில் நம் மாணவர்கள் கையுயர்த்திச் சொல்கிறார்கள். நன்னெறிக் கல்வியிலும் அதுவே முதல் நெறி. "எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதில்லை, என் மகன் இதைச் சொல்வது பொய்யாகாதா, ஐயா?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை. பிள்ளை பொய் சொல்லக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

அக்கோட்பாட்டின் விளக்கவுரையை அவருடன் அமர்ந்து படித்தேன். இஸ்லாம் கூட்டரசின் சமயம், பிற சமயங்களையும் நம்பிக்கைகளையும் அமைதியுடன் பின்பற்றலாம், சமயத்தின் பெயரால் எக்குடிமகனுக்கும் வேறுபாடு காட்டலாகாது என்பதே அதன் சாரம். அவருக்கு இது பாதி விடையே, எனக்கும் அப்படித்தான். கோட்பாட்டை மாற்றும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. வீட்டில் கும்பிடாத பிள்ளையை வகுப்பில் தலைகுனிய வைக்காதிருக்கும் அதிகாரம் உண்டு. 'உன் வீட்டில் எந்தச் சாமி?' என்று வரிசையாகக் கேட்டு எழுத வைக்கும் பயிற்சியை நான் விட்டுவிட்டேன். மூத்த மாணவர்க்கு மணிமேகலையைச் சொல்கிறேன். சமயக் கணக்கர் பலரிடமும் அவள் சென்று கேட்கிறாள். அவ்வரிசையில் பூதவாதியும் இருக்கிறான். கடவுளை ஏற்காதவனுக்கும் நம் காப்பியத்தில் இடம் இருந்தது.

அத்தந்தையின் மகன் இப்போதும் சபைகூடலில் கையுயர்த்துகிறான். முதல் வரியில் மட்டும் வாய் அசைவதில்லை. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

ஈப்போ மாநாட்டைப் பற்றியோ தோட்டத்துப் படிப்பகங்களைப் பற்றியோ தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதேனும் இருப்பின், பிள்ளைகளைக் கொண்டே எழுதி வாங்கி வையுங்கள்.