மூழ்கிய ஊரின் மேல் மஸ்கி வேட்டை

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஹேவர்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 143 அடி நீளமும் நாலரை மாடி உயரமும் கொண்ட ஒரு மீன் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் அருங்காட்சியகம். படியேறிப் போனால் திறந்த வாயின் பற்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஊரைப் பார்க்கலாம். நன்னீர் மீன்பிடிப்புக்கான தேசியப் புகழ்க்கூடம் 1970களில் இதைக் கட்டியது. இந்த மீனின் பெயர் மஸ்கி. ஊரின் பிழைப்பே அதை நம்பித்தான்.

மஸ்கி வட அமெரிக்காவுக்கே உரிய மீன். பைக் குடும்பத்தில் அதைவிடப் பெரியது வேறில்லை. நீண்ட உடல், தட்டையான வாய், ஊசிப் பற்கள். நீர்ச்செடிகளின் ஓரத்தில் அசையாமல் கிடந்து, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். அது எண்ணிக்கையில் எப்போதும் குறைவு. தூண்டிலைப் பின்தொடர்ந்து படகு வரை வந்துவிட்டு, கடைசி நொடியில் திரும்பிப் போய்விடுவதும் அதன் வழக்கம். பத்தாயிரம் முறை வீசினால்தான் ஒன்று சிக்கும் என்று அங்கே சொல்வது இதனால்தான். பழகிய தூண்டில்காரர் நரம்பை முழுக்கச் சுற்றி முடித்த பிறகும் பொய்யிரையை வெளியே எடுப்பதில்லை. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, படகின் ஓரத்திலேயே எட்டு என்ற எண்ணைப் போல வளைத்து வளைத்து இழுக்கிறார். வளைவில் இரையின் வேகம் மாறும்போது, அடியிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கும் மீன் சில சமயம் பொறுக்க முடியாமல் பாய்ந்துவிடும்.

ஹேவர்டுக்குக் கிழக்கே உள்ள சிப்பெவா ஃப்ளோவேஜ் ஏரிதான் இந்தக் கதையின் மையம். சுமார் 15,300 ஏக்கர் பரப்பு, ஏராளமான தீவுகள், எண்ணற்ற வளைகுடாக்கள். பார்ப்பவர்களுக்கு அது காலங்காலமாக அங்கேயே இருக்கும் காட்டு ஏரியாகத் தோன்றும். ஆனால் அதற்கு இன்னும் 110 வயதுகூட ஆகவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஒரு மின் நிறுவனம் சிப்பெவா ஆற்றின் குறுக்கே விண்டர் அணையைக் கட்டியது. லாக் கோர்ட் ஓரெய் ஒஜிப்வே பழங்குடியினர் எதிர்த்தார்கள். எதிர்ப்பை மீறி, 1921இல் கூட்டாட்சி மின் ஆணையம் 50 ஆண்டு உரிமம் கொடுத்தது. 1923இல் தண்ணீர் ஏறியபோது பாக்வாவாங் என்ற அவர்களுடைய ஊர் மூழ்கியது. தலைமுறை தலைமுறையாக அறுவடை செய்துவந்த காட்டரிசிப் படுகைகளும் மூழ்கின. கல்லறைகளை இடம் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலானவற்றை மாற்றவே இல்லை. மஸ்கியின் புகழைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உலகச் சாதனை மீன் பிடிபட்ட தண்ணீருக்கு அடியில் ஒரு சமூகத்தின் இடுகாடு இருக்கிறது.

மீனுக்கோ அந்த வெள்ளம் வாய்ப்பாக அமைந்தது. மூழ்கிய மரங்களும் அடிக்கட்டைகளும் பதுங்க இடம் கொடுத்தன. அடியில் கிடந்த புல்கரிப் படலங்கள் பெயர்ந்து மேலே மிதந்து வந்து, செடி முளைத்து, மரம் வளர்ந்து தீவுகளாயின. காற்றடித்தால் இவை இடம் மாறும். நாற்பது ஏக்கர் சேற்றுத்தீவு என்று பெயர் பெற்ற ஒன்று அவ்வப்போது பாலத்தருகே வந்து படகுப் பாதையை அடைத்துவிடும். அப்போது ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளைத் திரட்டி, முகப்பை அதன் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, எல்லா எந்திரங்களையும் ஒன்றாக முடுக்கி அதைத் தள்ளிவிடுவார்கள். இத்தகைய மிதக்கும் தீவுகளின் நிழல்தான் மஸ்கிக்குப் பிடித்த இடம்.

1949 ஹேவர்டின் ஆண்டு. ஜூலை 24 அன்று, வெளிப்புற விளையாட்டுகளைப் பற்றி எழுதிவந்த கால் ஜான்சன் பக்கத்திலுள்ள லாக் கோர்ட் ஓரெய் ஏரியில் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மஸ்கியைப் பிடித்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 20 அன்று லூயி ஸ்ப்ரே சிப்பெவா ஃப்ளோவேஜில் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீனைக் கொண்டுவந்தார். நம் கணக்கில் முப்பத்தொன்றரைக் கிலோவுக்கும் மேல். நீளம் 63.5 அங்குலம். படகுக்குள் ஏற்றும் முன் அதைத் துப்பாக்கியால் சுட்டார்கள். இன்று கேட்க அதிர்ச்சியாக இருக்கும். அன்று அது சட்டப்படி செல்லும், வழக்கமும்கூட. அந்தப் பல்லோடும் பலத்தோடும் துள்ளும் மீனை உயிரோடு படகில் ஏற்ற யாரும் துணிவதில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1957 செப்டம்பரில், நியூயார்க்கின் ஆர்தர் லாட்டன் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் 69 பவுண்டு 15 அவுன்ஸ் மீன் பிடித்ததாகப் பதிவானது. ஸ்ப்ரேயின் மீனைவிட வெறும் நாலு அவுன்ஸ் கூடுதல்! அந்தச் சாதனை 35 ஆண்டுகள் நின்றது. ஹேவர்ட் பகுதியின் மஸ்கி வரலாற்றைத் தோண்டி ஆராய்ந்துவந்த ஜான் டெட்லாஃப், லாட்டனின் புகைப்படத்தில் இருக்கும் மீன் அவ்வளவு பெரியதல்ல என்று வாதிட்டார். 1992இல் புகழ்க்கூடம் லாட்டனை நீக்கி, ஸ்ப்ரேயை மீண்டும் முதலிடத்தில் வைத்தது.

அதே புகைப்பட ஆய்வு ஸ்ப்ரேயின் பக்கமும் திரும்பியது. உலகச் சாதனை மஸ்கி கூட்டணி என்ற குழு 2005இல் நிபுணர்களைக் கொண்டு பழைய படங்களை அளந்து, ஸ்ப்ரேயின் மீன் 63.5 அங்குலம் இருந்திருக்க முடியாது என்று அறிக்கை கொடுத்தது. 1939, 1940, 1949 என மூன்று முறை சாதனையை உரிமை கொண்டாடியவர் அவர் என்பதும் சந்தேகத்தைக் கூட்டியது. பாடம் செய்த மீனையாவது எடுத்து அளக்கலாம் என்றால், அது எப்போதோ தீயில் எரிந்துபோயிருந்தது. புகழ்க்கூடம் 2006இல் ஸ்ப்ரேயின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் பட்டியலிலோ முதலிடம் ஜான்சனுக்கு. அவருடைய மீன் ஹேவர்டின் மொக்கசின் மதுவிடுதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

சாதனைச் சண்டைகளைவிடப் பெரிய மாற்றம் வேறொரு பக்கம் நடந்தது. ஐம்பது அங்குலத்தைத் தொட ஒரு பெண் மஸ்கிக்குப் பெரும்பாலும் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். விடுதி வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒவ்வொரு பெரிய மீனும் ஏரி இழந்த ஒரு தாய் மீன். 1966இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் கில் ஹாம் என்பவர் மஸ்கீஸ் இன்க். என்ற அமைப்பைத் தொடங்கி, பிடித்த மீனைத் திரும்ப விடச் சொன்னார். கோப்பை மீனைக் கொல்லாமல் விடுவது அன்றைய தூண்டில்காரர்களுக்குப் புதுமை. இரண்டு தலைமுறைக்குள் அதுவே மரபாகிவிட்டது.

இப்போது படகில் துப்பாக்கிக்குப் பதில் வேறு கருவிகள். மீன் முழுதாகக் கிடக்கும் அளவுக்கு ஆழமான, ரப்பர் பூசிய வலை. நீளமான குறடு. தடித்த முள்ளையே துண்டாக நறுக்கும் வெட்டுக்கருவி. வலைக்குள், தண்ணீருக்குள் வைத்தே முள்ளை எடுக்கிறார்கள். அளவுப்பலகையில் சில நொடி கிடத்தி, ஒரு படம் எடுத்து, வாலடியைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்தி வைக்கிறார்கள். அது தானே உதறிக்கொண்டு போகும்வரை கை எடுப்பதில்லை. கோடையில் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், விட்டாலும் மீன் பிழைக்காது என்று தூண்டில் போடுவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

அணையின் கதையும் நின்றுவிடவில்லை. 50 ஆண்டு உரிமம் முடிந்த 1971இல் ஒஜிப்வே மக்கள், அமெரிக்க இந்தியர் இயக்கத்தினரோடு சேர்ந்து விண்டர் அணையைக் கைப்பற்றி அமர்ந்தார்கள். பின்னர் 1980களில் அந்த அணையில் அவர்களுடைய சொந்த நீர்மின் நிலையமே வந்தது.

1949இன் இரண்டு எடைகளும் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. அவற்றை மிஞ்ச வேண்டுமானால் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, சான்று பெற்ற தராசில் நிறுத்தாக வேண்டும். அதற்குள் பெரும்பாலும் அது செத்துவிடும். அதனால் எழுபது பவுண்டு மஸ்கி நாளை சிக்கினாலும், நீளத்தையும் சுற்றளவையும் குறித்துக்கொண்டு விட்டுவிடுவோம் என்கிறவர்களே இன்று அந்த ஏரிகளில் அதிகம்.