புள்ளிமான் ஏறிய கப்பல்

சென்னை ஐஐடி வளாகத்தில் இருப்பவர்கள் புள்ளிமானைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திருகோணமலைக் கோட்டைக்குள் கோணேசரைக் கும்பிடப் போகும் வழியில் அது பக்தர்களின் கையிலிருப்பதை எதிர்பார்த்து நிற்கும். இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம்: இயற்கை அதற்கு வகுத்த எல்லை அவ்வளவுதான். ஆனால் இன்று ஹவாய்த் தீவுகளிலும் டெக்சஸ் குன்றுகளிலும் ஆஸ்திரேலியப் புல்வெளிகளிலும் அது மந்தை மந்தையாகத் திரிகிறது. வேட்டைக்காரர்கள் பணம் கட்டி அதைச் சுடப் போகிறார்கள்.

முதலில் கூட்டிப்போனவர் ஒரு டாக்டர். 1800களின் தொடக்கத்தில் சிட்னி கைதிகளின் குடியேற்றம். கல்கத்தாவிலிருந்து சரக்குக் கப்பல்கள் வந்தால்தான் பிழைப்பு ஓடும். நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் மருத்துவர் ஜான் ஹாரிஸுக்குச் சீமைப் பிரபுக்களைப் போலத் தன் எஸ்டேட்டில் மான்கள் மேய வேண்டும் என்று ஆசை. இங்கிலாந்து மானைவிட இந்திய மான் அருகில் கிடைத்தது. பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்காகப் பெருகிய அந்த மந்தை பிறகு இல்லாமலே போயிற்று. ஆனால் 1886இல் குவீன்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஊருக்கு வடக்கே மேரிவேல் பண்ணையில் விட்ட மான்கள் வேரூன்றிவிட்டன. அவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே மேய்கின்றன.

ஹவாய்க்குப் போன கதைதான் சுவையானது. அங்கே 1868இல் ஐந்தாம் கமேஹமேஹா ஆண்டுகொண்டிருந்தார். ஹாங்காங்கிலிருந்து அவருக்கு அன்பளிப்பாகச் சில புள்ளிமான்கள் கப்பலில் வந்து இறங்கின. இந்திய மான் சீனக்கரை வழியாகப் பசிபிக் தீவுக்குப் போவதில் வியப்பில்லை; கல்கத்தாவையும் ஹாங்காங்கையும் பிணைத்திருந்தது பிரிட்டிஷ் வணிகம். மன்னர் அவற்றை மொலோகாய் தீவில் விட்டு, யாரும் தொடக்கூடாது என்று தடை போட்டார். இதே தவறு அந்த நாட்டில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருந்தது. 1793இல் கேப்டன் வான்கூவர் முதலாம் கமேஹமேஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவற்றுக்கும் தடை; அவையும் பெருகி ஊரை மிதித்தன. கடைசியில் மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்து அடக்க வேண்டியதாயிற்று. பாடம் படித்த மாதிரி தெரியவில்லை.

ஹவாயின் சொந்தத் தரைவாழ் பாலூட்டி என்று சொன்னால் ஒரே ஒரு வௌவால்தான். ஆகவே மேயும் பிராணிகளிடமிருந்து தப்பும் வித்தையை அங்குள்ள செடிகள் கற்றதேயில்லை. புலி இல்லை, செந்நாய் இல்லை. பெண்மானோ பருவம் பார்க்காமல் எந்த மாதமும் குட்டி போடும். முப்பதே ஆண்டுகளில் மொலோகாயில் ஆயிரக்கணக்கான மான்கள். காடு கரையத் தொடங்கியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கூலிக்கு வேட்டைக்காரர்களை அமர்த்திச் சுட வேண்டியிருந்தது. அப்படியும் 1920இல் மொலோகாய் மான்களைப் பக்கத்து லானாய்த் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1959இல் மவுயி தீவிலும் வேட்டைக்கென்றே சில மான்களை விட்டார்கள்.

இதற்கிடையே 1932இல் டெக்சஸ் பண்ணைகளுக்கும் புள்ளிமான் போய்ச் சேர்ந்திருந்தது. வேலி தாண்டியவை மலைப்பகுதியில் தாமாகவே குடியேறின. உள்ளூர் வெள்ளைவால் மானுக்கு அரசு வேட்டைக் காலம் வகுத்திருக்கிறது. வந்தேறி மானுக்கு அப்படி எதுவும் கிடையாது. உரிமமும் நிலக்காரர் அனுமதியும் இருந்தால் ஆண்டு முழுவதும் சுடலாம். ஆண் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை என்பதால் எந்த மாதம் போனாலும் முற்றிய கொம்போடு ஏதாவது ஒன்று தட்டுப்படும். பண்ணைக்காரர்களுக்கு இது பெரிய வரும்படி. இந்தியாவிலிருந்து அங்கே போன இன்னொரு விருந்தாளியான புல்வாய் மான், பாகிஸ்தானில் அற்றுப்போனபோது டெக்சஸிலிருந்து விமானத்தில் திரும்பி வந்தது. வேட்டைப் பண்ணைகளைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தியாவின் அந்தமான் தீவுகளிலும் இதே கதைதான். அங்கே புள்ளிமானைக் கொண்டுபோனவர்கள் ஆங்கிலேயர்கள், அதுவும் வேட்டைக்காகத்தான். அது தீவுவிட்டுத் தீவு நீந்திப் பரவியது. 1950களில் அதை அடக்கச் சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்த இரண்டும் பெட்டை; திட்டம் அத்தோடு சரி.

மனிதர்களின் ஆசை மட்டும் ஓயவில்லை. 2009இல் ஹவாயின் பெரிய தீவுக்கு நான்கு மான்கள் ஹெலிகாப்டரில் பறந்தன. பதிலுக்கு மவுயிக்குக் காட்டுச் செம்மறிகள். சுத்தமான பண்டமாற்று! இரண்டாண்டு கழித்துக் கண்டுபிடித்தபோது, தீவுகளுக்கிடையே மானைக் கடத்துவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இல்லை என்பது தெரிந்தது. 2012இல் அவசரமாக ஒன்றை இயற்றினார்கள்.

2021இல் வறட்சி வந்தது. மொலோகாயில் நூற்றுக்கணக்கான மான்கள் பசியால் சாலையோரம் செத்து விழுந்தன. ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார். மவுயியில் மட்டும் பல்லாயிரம் மான்கள் இருப்பதாகக் கணக்கு. விடுமுறைக்கு வந்து கொம்புக்காக ஒரு கிடாயைச் சுட்டுப் போகிறவரால் இது குறையாது. குட்டி போடும் பெண்மான்கள் அப்படியே இருக்கின்றனவே. வழி காட்டியது டெக்சஸ். இங்கிராம் ஊரின் புரோக்கன் ஏரோ பண்ணை 1983இலிருந்தே மானை மேய்ச்சல் நிலத்திலேயே சுட்டு, அரசு ஆய்வாளர் முன்னிலையில் நடமாடும் கூடத்தில் அறுத்து, உணவகங்களுக்கு விற்றுவந்தது. மவுயியில் மவுயி நுயி வெனிசன் என்ற நிறுவனம் அதே வழியில், வெப்பப் படக்கருவியோடு இரவில் வேட்டையாடுகிறது. கூடவே ஆய்வாளரும் போகிறார்.

மவுயி பக்கம் போனால் அந்த மான்கறியைத் தயங்காமல் சாப்பிடுங்கள். அந்தக் காட்டுக்கு அது நல்லதுதான். ஊர் திரும்பிய பிறகு அந்த நினைப்பு வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானை வேட்டையாடினால் சிறை.